உள்ளூர் மீன் வளர்ப்போர் குழுவில் சேருவது எப்படி? சென்னையில் புதிதாகத் தொட்டி வைத்தவர்களுக்கு

தொட்டி வாங்கியாயிற்று, கொளத்தூரில் இருந்து மீனும் வந்தாயிற்று. நாலாம் நாள் ஒன்று மல்லாந்து மிதக்கிறது. கடையில் கேட்டால் ஒரு நீல மருந்துப் பாட்டிலை நீட்டுகிறார்கள். யூடியூபைத் திறந்தால் குளிர் நாட்டுக்காரர் ஒருவர் ஹீட்டரை இரண்டு டிகிரி ஏற்றச் சொல்கிறார். மே மாதத்துச் சென்னையில் ஹீட்டராம்!

இந்த இடத்தில்தான் உள்ளூர்க் குழு கைகொடுக்கும். அபூர்வ மீன் கிடைக்கும், அதுவும் மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் பலர் குழுவில் சேருகிறார்கள். கிடைக்கும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய லாபம், உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற அதே தண்ணீரில் பல வருடமாக மீன் வளர்க்கிற ஒரு ஆளின் பழக்கம். அவரைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி.

ஏனென்றால் சென்னைத் தண்ணீர் என்று ஒன்று கிடையாது. புழல், செம்பரம்பாக்கம், வீராணம் என்று ஏரித் தண்ணீர் ஒரு பக்கம். 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களில் இருந்து வருவது இன்னொரு பக்கம். தொடங்கியபோது நிலையத்துக்குத் தினம் 10 கோடி லிட்டர் என்பது கணக்கு. இது போக போர், லாரி, கேன். ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில், ஒன்றில் தண்ணீர் விஷயத்தில் முரண்டு பிடிக்கிற டிஸ்கஸ் குஞ்சு பொரிக்கும், இன்னொன்றில் எளிதாக வளரும் கப்பி கூடத் தங்காது. பக்கத்துத் தெருக்காரர் சொல்லும் ஒரு வரி, வெளிநாட்டு வீடியோ பத்தைவிட உங்களுக்குப் பொருந்துவது இதனால்தான்.

சரி, எப்படிச் சேருவது என்று பார்ப்போம்.

படி 1: உங்கள் தொட்டியைத் தாளில் எழுதுங்கள்

குழுவைத் தேடும் முன் இதைச் செய்யுங்கள். எங்கே போய் நின்றாலும் முதலில் கேட்கப் போவது இதைத்தான்: எத்தனை லிட்டர், வைத்து எத்தனை நாள், என்ன தண்ணீர், என்ன ஃபில்டர், என்னென்ன மீன்.

லிட்டர் கணக்கு எளிது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் வகுத்துவிடுங்கள். வழக்கமான இரண்டடித் தொட்டி 60 × 30 × 30 என்றால் 54 லிட்டர். ஆனால் விளிம்புவரை நாம் ஊற்றுவதில்லை, கீழே கல்லும் இருக்கிறது. ஆக 43, 45 லிட்டர்தான் உண்மையில் நிற்கும். மருந்து போடும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

அப்புறம் தண்ணீர். ஒரு டிடிஎஸ் மீட்டரும், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் சொட்டு மருந்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு நல்ல ஃபைட்டர் மீன் விலையைத் தாண்டாது. டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு. அதை வைத்துத் தண்ணீர் கடினமா மென்மையா என்று முடிவு கட்ட முடியாது, கடினத்தன்மைக்கு வேறு சோதனை இருக்கிறது. ஆனாலும் "என் போர் தண்ணீர் 1100" என்று சொன்னால் அனுபவஸ்தர் உடனே புருவத்தை உயர்த்துவார். பேச்சுக்கு அது போதும்.

பிஎச் பார்ப்பதில் ஒரு நுணுக்கம். போர் தண்ணீரைக் குழாயில் பிடித்தவுடன் ஒரு தடவை பாருங்கள். அதையே அகலமான பாத்திரத்தில் ஊற்றி, மறுநாள் காலை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் எண் ஏறியிருக்கும். நிலத்தடியில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு இரவில் வெளியேறிவிடுவதால் இப்படி. தொட்டியில் மீன் வாழப் போவது இரண்டாவது எண்ணில். தாளில் இரண்டையும் எழுதி, எது எப்போது எடுத்தது என்று குறித்துவிடுங்கள். இதை எழுதி வருகிற புதியவரைக் குழுவில் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 2: எந்த மாதிரிக் குழு என்று முடிவு செய்யுங்கள்

மீன் வளர்ப்போர் எல்லாரும் ஒரே ஜாதி இல்லை. ஃபைட்டர்காரர்களுக்கு ஜாடிகளும் வாலின் கோணமும்தான் உலகம். கப்பிக்காரர்கள் ஆண், பெண் பிரிப்பது, நிறம் தலைமுறைக்குத் தலைமுறை மாறாமல் காப்பது என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். டிஸ்கஸ்காரர்கள் தினமும் தண்ணீர் மாற்றுவதைப் பூஜை மாதிரி செய்பவர்கள். செடித் தொட்டிக்காரர்களுக்கு மீன் இரண்டாம் பட்சம். வெளிச்சம், உரம், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் என்றுதான் போகும். அரோவானா, ரெட்டெயில் கேட்ஃபிஷ் வளர்க்கும் 'மான்ஸ்டர்' கோஷ்டி தனி. கையளவில் வாங்குகிற ரெட்டெயில் மூன்றடியைத் தாண்டும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, அந்தக் கோஷ்டியில் சொல்வார்கள்.

புதியவருக்கு என் யோசனை: முதல் வருடம் பொதுக் குழு. எல்லாவகை ஆட்களும் இருக்கிற இடம். ஒரே மீனைப் பற்றி மட்டும் பேசும் குழுவில் ஆரம்பத்திலேயே போய் உட்கார்ந்தால் அங்கே பேசுவது பாதி புரியாது, புரிகிற பாதி விலையாக இருக்கும்.

கடல்நீர்த் தொட்டி ஆசை இருந்தால் ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். கடல்குதிரைகளும் பாறை கட்டும் பவள உயிர்களும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. "ராமேஸ்வரத்தில் இருந்து ஒரு பீஸ் வந்திருக்கு" என்று யாராவது காதோரம் சொன்னால், வாங்குகிறவர் மேலும் வழக்கு பாயும். அப்படிப் பேசுகிற ஆளைக் கண்டிக்காத குழுவும் நமக்கு வேண்டாம்.

படி 3: குழுவை நேரில் தேடுங்கள்

இணையத்தில் தேடினால் பத்துக் குழு வரும். அதில் எட்டு விற்பனைக் குழுவாக இருக்கும். நேரில் தேடுவதே நல்லது, சென்னையில் அது கஷ்டமும் இல்லை. கொளத்தூர் இருக்கிறது. நாட்டிலேயே வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர் போன இடங்களில் ஒன்று. வெளிமாநிலங்களுக்கெல்லாம் இங்கிருந்து பெட்டி போகிறது. சுற்றுவட்டாரத்தில் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் சிமென்ட் தொட்டி கட்டி மீன் பெருக்குகிற குடும்பங்கள் ஏராளம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நடுத்தரமான கடையில் அரைமணி நேரம் சும்மா நில்லுங்கள். கடைக்காரரைப் பார்க்காதீர்கள், வாடிக்கையாளர்களைப் பாருங்கள். குழந்தைக்கு ஆரஞ்சு மீன் வாங்க வந்தவர் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார். ஆர்டீமியா (குஞ்சு மீனுக்குத் தீவனமாகப் பொரிக்கும் நுண்ணிய இறால் வகை) முட்டை டப்பாவை எடுத்துத் தேதி பார்க்கிறவர், தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் செக் வால்வு ஏர் பம்புக்கு இருக்கிறதா என்று கேட்கிறவர், பையில் போட்ட மீனை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்துச் செவுளையும் துடுப்பையும் பார்க்கிறவர், இவர்கள்தான் நம் ஆட்கள். "அண்ணா, ரொம்ப நாளா வளர்க்கிறீங்களா?" என்று ஆரம்பித்தால் போதும். நிறுத்துவதுதான் பிறகு சிரமம். வட்டாரத்தில் நண்பர்கள் யாராவது கூடுகிறார்களா என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும், மாதம் ஒரு முறையோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ யார் வீட்டு மாடியிலாவது ஒரு சந்திப்பும் இருக்கும்.

இன்னொரு வழி, மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மாதவரம் வளாகத்தில் நடக்கும் வண்ண மீன் வளர்ப்புப் பயிற்சி. பயிற்சியைவிட அங்கே பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர்களின் தொடர்பு பயன்படும்.

படி 4: வியாபாரக் குழுவா, வளர்ப்போர் குழுவா?

சேர்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே பேசாதீர்கள். ஒரு வாரம் வேடிக்கை மட்டும் பாருங்கள். காலையில் இருந்து இரவு வரை விலைப் பட்டியலும் 'ஸ்டாக் வந்தாச்சு' படங்களும்தான் வருகிறதா? யாராவது நோய்ப் படம் போட்டால் பதில் வருகிறதா, அல்லது "இன்பாக்ஸ் வாங்க" என்று மருந்து விற்கிறார்களா? இறந்த மீனைப் பற்றி மனம் விட்டுப் பேசுகிறார்களா? கடைசிக் கேள்விதான் சரியான உரைகல். நல்ல குழுவில் வாரத்துக்கு ஒருவராவது "என் தொட்டியில் இது செத்துப்போச்சு, ஏன்னு தெரியலை" என்று எழுதுவார். நாலு பேர் தண்ணீர் விவரம் கேட்பார்கள். எல்லார் மீனும் எப்போதும் பளபளவென்று இருக்கிற குழுவில் ஏதோ சரியில்லை.

விற்பனை நடப்பதில் தவறில்லை. வீட்டில் பெருகியதை விற்றுத்தான் பலர் தீவனச் செலவைச் சமாளிக்கிறார்கள். முன்பணம் கேட்பதுதான் சிக்கல். "இம்போர்ட் பெட்டி வருது, பாதிப் பணம் போட்டு வையுங்க" என்று புதியவர்களைக் குறிவைத்து வாங்கிக்கொண்டு, பிறகு போனை எடுக்காத கதைகள் இந்த வட்டாரத்தில் சகஜம். நேரில் பார்த்த மீனுக்கு, கையில் வாங்கும்போது பணம். இந்த ஒரு விதியை விடாதீர்கள்.

படி 5: அறிமுகச் செய்தி

"ஹாய், புதுசா மீன் வளர்க்கிறேன், டிப்ஸ் சொல்லுங்க" என்று போட்டால் கட்டைவிரல் படம் இரண்டு வரும், அவ்வளவுதான். படி 1-இல் எழுதிய தாளை எடுங்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். பெரம்பூர். இரண்டடித் தொட்டி, சுமார் 45 லிட்டர், வைத்து மூன்று வாரம். மெட்ரோ வாட்டர், ஒரு நாள் ஏர் ஓட்டிவிட்டுச் சேர்க்கிறேன். டிடிஎஸ் 420, பிஎச் மறுநாள் 7.8. ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்று. 6 கப்பி, 2 மோலி. ஒரு மோலி இரண்டு நாளாக மேலேயே நின்று வாயைத் திறந்து மூடுகிறது. பக்கத்தில் யாராவது இருந்தால் தண்ணீரைக் கொண்டுவந்து காட்டலாமா?"

இதற்குப் பதில் வரும். ஊர்ப் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, உதவி செய்வதற்கு ஒரு வழியும் இருக்கிறது. அநேகமாக முதல் பதில் "சைக்கிள் ஆச்சா?" என்பதாக இருக்கும். பயப்பட வேண்டாம். மீனின் கழிவும் மிஞ்சிய தீவனமும் அம்மோனியாவாக மாறும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட் ஆக்கும். இந்தச் சுழற்சியைத்தான் 'சைக்கிள்' என்கிறார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டரில் குடியேறப் பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீன் நிறைய விட்டால் அது தன் கழிவிலேயே மூச்சுத் திணறும். மேலே சொன்ன மோலியின் கதை அதுவாகவே இருக்கக்கூடும்.

குழுவில் சேர்ந்ததன் முதல் பலனை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். நன்றாக ஓடுகிற, சமீபத்தில் நோய் எதுவும் வராத தொட்டி வைத்திருக்கிற ஒருவரிடம், "பழைய ஸ்பான்ஜ் ஒன்று கிடைக்குமா?" என்று கேளுங்கள். பழுப்பேறி வழவழவென்று, பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் அந்த பாக்டீரியா குடியிருப்பது அதில்தான். குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதீர்கள், குளோரின் பட்டால் எல்லாம் போச்சு. அவர் தொட்டித் தண்ணீரிலேயே முக்கி, பையில் போட்டு, அன்றைக்கே கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குப் பக்கத்தில் ஓட விடுங்கள். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியது சில நாட்களாகச் சுருங்கிவிடும். கடையில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைவிட இதை நான் நம்புவேன். காசும் கிடையாது.

படி 6: முதல் சந்திப்பு

என்ன கொண்டுபோக வேண்டும்? அரை லிட்டர் பாட்டிலில் உங்கள் தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர், இரண்டிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். அந்தத் தாள். தொட்டியின் முழுப் படம் ஒன்று, நோயுள்ள மீனின் கிட்டப் படம் ஒன்று, போனில். மீனைக் கொண்டுபோக வேண்டாம். முதல் முறை வாங்குவதற்கும் போக வேண்டாம். தெர்மாகோல் பெட்டியைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும் என்பதால் வெறும் பையோடு போவதே மேல். சந்திப்பு தெரியாதவர் வீட்டில் என்றால் துணைக்கு ஒருவரை அழைத்துப்போகலாம், அல்லது அடுத்த முறை கடையிலோ பூங்காவிலோ கூடும்போது வருகிறேன் என்று சொல்லலாம். பெண்கள் இப்படிக் கேட்பதை ஒழுங்கான குழு எதுவும் தப்பாக எடுக்காது.

அங்கே என்ன நடக்கும்? மாடிப்படி ஏறும்போதே ஏர் பம்பின் உறுமல் கேட்கும். இரும்பு ரேக்கில் மூன்று அடுக்குத் தொட்டிகள், ஓரத்தில் பச்சைத் தண்ணீர் வாளி, ஒரு மூலையில் கவிழ்த்து வைத்த ஒரு லிட்டர் பாட்டிலில் ஆர்டீமியா பொரிந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரர் டார்ச்சைப் பாட்டிலின் அடியில் காட்டுவார். ஆரஞ்சு நிறத்தில் தூசி மாதிரி ஒரு மேகம் வெளிச்சத்தை நோக்கி நகரும், முட்டை ஓடுகள் மேலே மிதக்கும். சிறு குழாயை விட்டு அடியில் இருப்பதை மட்டும் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசி, குஞ்சுத் தொட்டியில் சொட்டு சொட்டாக விடுவார். இரண்டு நிமிடத்தில் குஞ்சுகளின் வயிறெல்லாம் ஆரஞ்சாகிவிடும். இதைக் கண்ணால் ஒரு முறை பார்த்தால் போதும், பிறகு வீட்டில் தானாக வரும்.

நடத்தை விஷயத்தில் எழுதாத சட்டங்கள் சில உண்டு. யார் தொட்டியிலும் கை விடக் கூடாது. ஒரு தொட்டியில் நனைந்த வலை, கை, குழாய் மூன்றும் இன்னொரு தொட்டிக்கு நோயைக் கொண்டுபோகும். அனுபவஸ்தர்கள் இதில் கறாராக இருப்பார்கள். கண்ணாடியைத் தட்டக் கூடாது. முட்டை வைத்திருக்கும் ஏஞ்சல், டிஸ்கஸ் ஜோடியின் பக்கத்தில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தால், மிரண்டு போய் முட்டையைத் தின்றுவிடும். வீட்டுக்காரர் உங்களைத் தின்றுவிடுவார். "இது என்ன விலை?" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். "இது என்ன தண்ணீர்?" என்று கேளுங்கள். மரியாதை தானாக வரும்.

உங்கள் பகுதியிலேயே இருப்பவர் யார் என்று அன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை: லாரித் தண்ணீர் வரும் மாதங்களில் என்ன செய்கிறார், மழைக்காலத்தில் குளோரின் வாடை கூடுகிறதா, போரையும் மெட்ரோவையும் கலக்கிறாரா, கலந்தால் என்ன விகிதம், கரண்ட் போனால் ஏர் பம்புக்கு என்ன ஏற்பாடு. கோடையில் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும்போது அதில் ஆக்சிஜன் குறைந்துவிடும். அந்த நேரத்தில் இரண்டு மணி நேரக் கரண்ட் கட் என்றால் கூட்டமான தொட்டி தாங்காது. பேட்டரியில் ஓடும் பம்ப், இன்வெர்ட்டரில் தனி லைன், கடைசிக்கு மக்கில் மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றுவது என்று ஆளுக்கொரு வித்தை வைத்திருப்பார்கள்.

படி 7: பையில் மீன் வாங்கும்போது

இரண்டாம் மூன்றாம் சந்திப்பில் ஏலமோ பரிமாற்றமோ இருக்கும். பைகள் மேசையில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் மீனின் பெயர், எண்ணிக்கை, கொடுப்பவர் பெயர், பிறந்த மாதம், என்ன தண்ணீரில் வளர்ந்தது என்று எழுதியிருந்தால் அது நல்ல பை. கடைசி விவரம் இல்லாவிட்டால் கேளுங்கள். டிடிஎஸ் 150 உள்ள ஆர்ஓ தண்ணீரில் வளர்ந்த மீனை 1100 உள்ள போர் தண்ணீருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் அந்த ஏலத்தில் கை தூக்காமல் இருப்பதே லாபம்.

பையைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். துடுப்புகள் விரிந்திருக்க வேண்டும், உடம்போடு ஒட்டியிருக்கக் கூடாது. முதுகு நேராக இருக்க வேண்டும். வயிறு குழிந்திருந்தால் வேண்டாம். உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அந்தப் பையை மட்டுமல்ல, அதே ஆள் கொண்டுவந்த மற்றப் பைகளையும் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் செய்வது, பையை அவிழ்த்து அரைமணி நேரம் தொட்டியில் மிதக்கவிடுவது. பக்கத்து ஏரியாவில் இருந்து ஒரு மணி நேரத்தில் வந்த மீனுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் ரயில் பார்சலில் ஒரு இரவு முழுக்கப் பையில் இருந்த மீன் என்றால் கதை வேறு. பைக்குள் அம்மோனியா சேர்ந்திருக்கும். மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து பிஎச்சை இறக்கி வைத்திருப்பதால் அந்த அம்மோனியாவின் பெரும்பகுதி விஷமில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்தவுடன் வாயு வெளியேறி பிஎச் ஏறும். ஒரு எண் ஏறினால் விஷ வடிவம் கிட்டத்தட்டப் பத்து மடங்காகும். அதனால் பை கட்டியபடியே 15, 20 நிமிடம் மிதக்கட்டும், வெப்பநிலை சமமாகட்டும். திறந்த பிறகு தாமதிக்காமல் மீனை மட்டும் வலையில் எடுத்து மாற்றுங்கள். பைத் தண்ணீர் எந்தச் சூழ்நிலையிலும் தொட்டிக்குள் போகக் கூடாது.

மாற்றுவதும் நேராகப் பெரிய தொட்டிக்கு இல்லை. ஒரு பிளாஸ்டிக் டப், ஸ்பான்ஜ் ஃபில்டர், மூடி, இவ்வளவுதான் தனிமைத் தொட்டி. மூன்று நாலு வாரம் அங்கே இருக்கட்டும். நண்பர் கொடுத்த மீன்தானே என்று இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். நண்பர் நல்லவர்தான், அவர் தொட்டிக் கிருமிக்கு உங்கள் மீன் பழக்கமில்லையே. தனி வலையும் வேண்டும். அதே போல, மீன் தீவனமாகச் சாக்கடையில் எடுத்த டியூபிஃபெக்ஸ் புழுவை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

படி 8: நீங்கள் என்ன கொடுப்பீர்கள்?

வாங்கிக்கொண்டே இருப்பவரைக் குழு ரொம்ப நாள் பொறுக்காது. புதியவரிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. தொட்டிச் செடிகளான ஜாவா மாஸ் ஒரு கைப்பிடி, வாலிஸ்நேரியா பக்கக் கன்று பத்து, வீட்டுப் பக்கத்தில் நாட்டு வாதுமை மரம் இருந்தால் காய்ந்து தானாக விழுந்த இலைகள் ஒரு கட்டு (ஃபைட்டர்காரர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்), பை கட்டத் தெரிந்த இரண்டு கை. கப்பி வைத்திருந்தால் சுமார் 4 வாரத்துக்கு ஒரு ஈடு குஞ்சு எப்படியும் வரும்.

மேல்நாட்டுச் சங்கங்களில் இதற்கு ஒரு முறையே வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் மீன் வளர்ப்போர் சங்கம் 1911-இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. இந்த மாதிரிச் சங்கங்கள் பலவற்றில், வீட்டில் மீனை இனப்பெருக்கம் செய்து குஞ்சுகளை 60 நாள் வளர்த்துக் காட்டினால் புள்ளி கொடுப்பார்கள். எளிதாகப் பெருகும் மீனுக்குக் குறைவு, முரண்டு பிடிக்கும் மீனுக்கு அதிகம். குஞ்சுகளில் ஒரு பங்கு சங்க ஏலத்துக்குப் போக வேண்டும், அந்தப் பணம்தான் சங்கத்தின் வரவு. நம் ஊர்க் குழுக்களும் இதைப் பின்பற்றலாம், செலவே இல்லாத ஏற்பாடு. சந்தா வாங்குகிற குழுவாக இருந்தால், பணம் எதற்குப் போகிறது, கணக்கு யாரிடம் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

பெருகிப் போன மீனை, வளர்ந்துவிட்ட மீனை என்ன செய்வது என்ற கேள்விக்கும் குழுதான் விடை. ஏரியில் விடாதீர்கள். 'தொட்டியைச் சுத்தம் செய்யும்' என்று வாங்குகிற சக்கர் மீன் தென்னமெரிக்காவில் இருந்து வந்தது. ஒரு அடிக்கு மேல் வளரும், தொட்டியையும் சுத்தம் செய்யாது. பாவம் பார்த்து ஏரியில் விட்டதெல்லாம் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, முள்ளால் வலையைக் கிழித்து மீனவர்களின் வயிற்றில் அடிக்கிறது. குழுவில் ஒரு செய்தி போட்டால் பெரிய தொட்டி வைத்திருக்கிற யாராவது வாங்கிக்கொள்வார்கள். யாரும் முன்வராவிட்டால் கடைக்குச் சும்மாவே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

உங்கள் ஊரில் குழுவே இல்லை என்றால்

சின்ன ஊர்களில் இதுதான் நிலைமை. அங்கே இருக்கிற ஒரே மீன் கடையில் உங்கள் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்து, "தொட்டி வைத்திருப்பவர் யாராவது சந்தேகம் கேட்டால் கொடுங்கள்" என்று சொல்லிவையுங்கள். கடைக்காரருக்கும் இது உதவிதான், மீன் பிழைத்தால்தானே வாடிக்கையாளர் திரும்ப வருவார். நாலு பேர் சேர்ந்ததும் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரோடு ஒருவர் வீட்டில் கூடுங்கள், நாலையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தத் தெருவில் என்ன தண்ணீர், அதில் எந்த மீன் தங்குகிறது என்ற அந்த நோட்டுதான் பிறகு வருகிற எல்லாப் புதியவர்களுக்கும் முதல் பாடம். தலைவர், செயலாளர், லோகோ எல்லாம் ஆள் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு என்று நாளை மட்டும் முடிவு செய்து, மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள்.